மஞ்சள் விளக்கும் மாற்றுத் தட்டும்

பழுதுற்ற பின்னும் ஒரு பொறி ஓடிக்கொண்டே இருக்குமாயின், அதனைப் பழுதற்றதென்றே எண்ணிவிடுவது மாந்தர் இயல்பு. வண்டியின் அச்சாணி கழன்றால் வண்டி குடைசாயும். கிணற்றுக் கயிறு அறுந்தால் வாளி உள்ளே விழும். அப்பழுது உடனே கண்ணுக்குப் புலப்படும். ஆகலின் உடனே சீர்செய்யவும் படும். ஓர் உறுப்புக் கெட்டாலும் பிற உறுப்புகள் அதன் வேலையையும் சேர்த்துத் தாங்குமாறு அமைக்கப்பெற்ற பொறிகளிலோ நிலைமை வேறு. அங்குப் பழுது ஓசையின்றி வரும், ஓசையின்றித் தங்கும். அதனைக் காட்டுவதெல்லாம் ஒரு சிறு மஞ்சள் விளக்கே.

கம்பம் பள்ளத்தாக்கில் உள்ளார்க்கு இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டா. 1895-இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்பெற்றது. அந்நீர் இன்று லோயர் கேம்ப் மின்நிலையத்தில் நான்கு சுழலிகளைச் சுழற்றிவிட்டே வயலுக்கு வருகின்றது. நான்கில் ஒன்று நின்றால் மற்றை மூன்றும் ஓடும். கூடலூரிலோ கம்பத்திலோ எவர் வீட்டு விளக்கும் அதனால் அணைந்துவிடாது. ஆனால் சுழலி நின்ற செய்தி பொறியாளர்க்குத் தெரிந்தாக வேண்டும். நாட்குறிப்பில் ஏறியாக வேண்டும். வீட்டார் அறியாதிருக்கலாம், காவலிருப்பார் அறியாதிருத்தல் ஆகாது. மின்நிலையத்திற்குக் காவலிருப்பார் உளர். அலுவலக மூலையில், பழைய கோப்புகளுக்கும் உடைந்த நாற்காலிக்கும் இடையே இரைந்துகொண்டிருக்கும் வழங்கிக்குக் காவலிருப்பார் யாவர்?

‘சர்வர்’ என ஊரார் கூறும் அவ்வழங்கியில்தான் இன்று வாழ்வின் பாதி இருக்கின்றது. போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் மின்னணு முறையில் நடைபெறுகின்றது. வணிகர்கள் காய் மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு கணிப்பொறித் திரைமுன் அமர்ந்து விலை கேட்கின்றனர். எவருடைய காய், எத்துணை எடை, எவர் கேட்டது, எவ்விலைக்கு முடிந்தது என்பன யாவும் எண்களாகப் பதிவாகின்றன. முற்காலத்தில் துணிக்கு அடியில் விரல் தொட்டு விலைபேசிய வணிகர் பலர் இருந்தனர். அதற்குச் சான்று விரலே. இன்று சான்று பதிவே. மலைமேல் ஓராண்டு முழுதும் அட்டைக்கடியும் மழையும் பட்டு உழைத்தவனுடைய கூலி அப்பதிவில் நிற்கின்றது. கூட்டுறவு வங்கியின் நகைக்கடன், பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண், மருத்துவமனையின் ஊடுகதிர்ப் படம், சின்னமனூரிலோ உத்தமபாளையத்திலோ ஒருவன் பெயரிலுள்ள நன்செய்யின் பட்டா என எதனை எடுத்துக்கொண்டாலும், தாளில் இருப்பதைக் காட்டிலும் தட்டில் இருப்பதே இன்று மிகுதி.

தட்டு என்பது இங்கு வன்தட்டு. கடைத்தெருவில் அதன் பெயர் ‘ஆர்டு டிசுக்கு’. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுப் பொறியில் 50 வட்டத் தகடுகள் இருந்தன. அவை அனைத்தும் சேர்ந்து தாங்கிய எழுத்துகள் ஏறத்தாழ 50 இலக்கம். பொறியின் எடையோ ஒரு டன்னளவு. இன்று உள்ளங்கையில் அடங்கும் பெட்டி ஒன்று அதனைப் போல் பல இலக்கம் மடங்கு தாங்குகின்றது. ஆயினும் அடிப்படை மாறவில்லை. காந்தப் பூச்சுடைய தகடுகள் மணித்துளிக்கு 7,200 சுற்றுச் சுழல்கின்றன. எழுதியும் படித்தும் செல்லும் முனை தகட்டைத் தொடுவதில்லை. தலைமயிரின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில் அதன்மேல் மிதந்து செல்கின்றது. இத்துணை நொய்ய ஒன்று இரவும் பகலும் ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றதென்றால் அதுவே வியப்பு. ஒருநாள் அது நிற்கும். நிற்குமா என்பது வினாவன்று. என்று நிற்கும் என்பதே வினா.

இவ்விறப்பை முன்னரே கணக்கில் கொண்டு செய்யப்பெற்ற ஏற்பாடுதான் தட்டடுக்கு. அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பெர்க்கிலி வளாகத்தில் தேவிடு பேட்டர்சன், கார்த்து கிப்சன், இராண்டி கேட்சு என்னும் மூவர் 1988-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். விலைமிக்க பெருந்தட்டு ஒன்றை நம்பியிருப்பதை விட, விலைகுறைந்த சிறுதட்டுகள் பலவற்றை அடுக்கி, அவற்றுள் ஒன்று இறந்தாலும் செய்தி இறவாதபடி செய்யலாம் என்பது அதன் கருத்து. அவ்வமைப்பிற்கு அவர்கள் இட்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துச் சுருக்கமே ‘ரெய்டு’. பெயரில் ‘விலைகுறைந்த’ எனப் பொருள்பட நின்ற சொல்லை, விற்போர் பின்னாளில் ‘தனித்தனியான’ என்னும் பொருளுடைய சொல்லாக மாற்றிக்கொண்டனர். விலைகுறைந்தது என்று பெயரிலேயே எழுதிவிட்டு உயர்ந்த விலைக்கு விற்பது அரிதன்றோ! போடியில் ஏலக்காய் வணிகரிடம் சென்று ‘ரெய்டு’ என்றால் அவர் வருமான வரி அலுவலர் வந்துவிட்டாரென்று கதவைச் சாத்துவார். தட்டடுக்கு என்றால் அஞ்சமாட்டார். அது யாது என்று கேட்பார். சொல் விளங்குதலே பாதி அறிவு.

அதன் உள்ளியக்கம் அரிதன்று. மூன்று மூட்டைகளில் 7, 5, 9 கிலோ ஏலக்காய் உள்ளதாகக் கொள்க. நான்காவதாக ஒரு சீட்டில் 21 என மொத்த எடையை எழுதி வைக்க. பின்பு இரண்டாம் மூட்டையின் எடைக்குறிப்புத் தொலைந்துவிட்டது. 21-இல் 7-உம் 9-உம் போக 5. தொலைந்தது திரும்பக் கிடைத்தது. நான்கில் எந்த ஒன்று தொலைந்தாலும் ஏனை மூன்றிலிருந்து அதனைப் பெறலாம். சீட்டே தொலைந்தாலும் மீண்டும் கூட்டி எழுதிக்கொள்ளலாம். கணிப்பொறி கூட்டிக் கழிப்பதில்லை. அதற்கு ஒன்று, சுழியம் என்னும் இரு குறிகளே உண்டு. எல்லாத் தட்டுகளிலும் ஒரே வரிசையிலுள்ள குறிகளை நோக்கி, அவற்றுள் ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதை மட்டும் அது குறித்து வைக்கும். அக்குறிப்பை ஈட்டுக்குறி எனலாம். ஐந்தாம் வகை அடுக்கில் இவ்வீட்டுக்குறி ஒரே தட்டில் நில்லாமல் எல்லாத் தட்டுகளிலும் மாறி மாறிப் பரவி நிற்கும். ஆறாம் வகையில் இருவேறு ஈட்டுக்குறிகள் இருக்கும். இரண்டு தட்டுகள் இறந்தாலும் தாங்கும். முதல் வகை இரட்டைப்படி. ஒன்றில் எழுதுவதெல்லாம் மற்றொன்றிலும் எழுதப்படும். சுழியவகை என்று ஒன்றும் உண்டு. அதில் ஈட்டுக்குறியும் இல்லை, இரட்டைப்படியும் இல்லை. ஒரு தட்டுப் போனால் எல்லாம் போம். காப்பே இல்லாத ஒன்றிற்கும் அதே பெயர் வழங்குவதால், ‘எங்களிடம் ரெய்டு உள்ளது’ என்று ஓர் அலுவலகம் கூறும்போது, எவ்வகை என்று கேளாமல் விடலாகாது.

இனி, ஐந்தாம் வகை அடுக்கில் ஒரு தட்டு இறந்த அன்று நடப்பது யாது? வெளித்தோற்றத்தில் ஒன்றுமில்லை. எழுத்தர் வழக்கம்போல் பதிவு செய்கின்றார். திரை வழக்கம்போல் காட்டுகின்றது. சற்று விரைவு குறைந்திருக்கும். அதற்கு மின்னழுத்தத்தையோ இணைய இணைப்பையோ பழிப்பர். உள்ளேயோ, கேட்கும் ஒவ்வொரு முறையும் இறந்த தட்டின் செய்தியை மற்றைத் தட்டுகளிலிருந்து கணக்கிட்டுக் கணக்கிட்டு வழங்கி எடுத்துத் தருகின்றது. நான்கு கால் கட்டில் மூன்று காலில் நிற்கின்றது; படுத்திருப்பவர் உறங்குகின்றார். இன்னொரு தட்டு இறந்தால் அவ்வளவே. இரண்டு மூட்டையின் எடையும் தெரியாதபோது 21 என்னும் சீட்டால் ஒரு பயனும் இல்லை.

தட்டடுக்குகள் அழிவதற்குப் பெருங்கரணியம் தட்டின் கேடன்று. முதற்கேட்டை எவரும் பாராமையே. முதல் தட்டு மாசியில் இறந்திருக்கும். மஞ்சள் விளக்கு எரிந்திருக்கும். கூட்டுபவர் நாளும் அவ்விளக்கைக் கண்டிருப்பார். அழகுக்கு எரிவதென்று எண்ணியிருப்பார். திரையில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வந்திருக்கும். வந்த எச்சரிக்கையை மூடிவிட்டு வேலையைத் தொடர்வதே பலர்க்குப் பழக்கம். ஆடியில் காற்றோடு மின்தடையும் மாறி மாறி வரும்போது இரண்டாம் தட்டு இறக்கும். அன்றுதான் ‘பழுது வந்துவிட்டது’ என்று மதுரைக்குத் தொலைபேசி செல்லும். பழுது வந்தது ஆடியில் அன்று, மாசியில்.

விளக்கைக் கண்டு உடனே மாற்ற முனைவார்க்கும் இடர்கள் உண்டு. அவற்றுள் தலையாயது, இறந்த தட்டை விட்டு உயிருள்ள தட்டை உருவிவிடுவது. இது நகைப்புக்குரிய தவறுபோல் தோன்றும். ஆனால் பட்டறிவு மிக்காரும் செய்யும் தவறு. பல வழங்கிகளில் முதல் அறைக்கு 0 என்றே எண்ணிடுவர். ‘மூன்றாம் தட்டு இறந்தது’ என்று அறிவிப்பு வந்தால் அது இடமிருந்து நான்காவது. இதனை அறியாத இளைஞன் 1, 2, 3 என்று எண்ணி மூன்றாவதை உருவினால், இறந்தது ஒன்று, உருவியது ஒன்று என இரண்டு இல்லாமற் போய் அடுக்கு அக்கணமே விழும். ஆகலின் எண்ணை மட்டும் நம்பலாகாது. ஒவ்வொரு தட்டிற்கும் உருவாக்கியோர் இட்ட தொடரெண் உண்டு. வழங்கியை நிறுவும் நாளிலேயே அத்தொடரெண்களைத் தாளில் எழுதி, எந்த அறையில் எது என்று வழங்கியின் முகப்பில் ஒட்டிவிட வேண்டும். நின்ற பின் தட்டு தன் தொடரெண்ணைச் சொல்லாது. ஆனால் மற்றவை சொல்லும். சொன்னவற்றை எல்லாம் நீக்கினால் எஞ்சுவது இறந்தது. குறித்த அறையின் விளக்கை மின்னச் செய்யும் கட்டளையும் பெரும்பாலான வழங்கிகளில் உண்டு. அதனையும் செய்து பார்த்துவிட்டே கைவைத்தல் வேண்டும்.

தட்டைத் தொடுமுன் செய்ய வேண்டியது மற்றொன்று. அடுக்கு இன்னும் உயிரோடிருக்கும்போதே, அதிலுள்ள இன்றியமையாச் செய்திகளை வேறொரு பொறிக்குப் படியெடுத்துவிடல் வேண்டும். மாற்றும் வேலையே அடுக்கைக் கொல்லக்கூடும் என்பதால் இது. வழங்கியை அணைத்துவிட்டு மாற்றுவோம் என்பது பலர்க்குத் தோன்றும் எண்ணம். ஓடும்போதே தட்டு மாற்றத்தக்க வழங்கியில் அது வேண்டாத வேலை, இடரும் ஆகும். ஐந்தாறு ஆண்டு நில்லாமல் சுழன்ற முதிய தட்டுகள், அணைத்த பின் மீண்டும் சுழலத் தொடங்காமலே நின்றுவிடுதல் உண்டு. முதியவர் நடந்துகொண்டிருக்கும்போது உட்காரச் சொல்லிப் பின் எழச் சொல்வது போன்றது அது.

புதிய தட்டு பழையதன் கொள்ளளவுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். உறையில் ஒரே அளவு அச்சிட்டிருந்தாலும் உள்ளே சில கட்டங்கள் குறைந்தால் அடுக்கு அதனை ஏற்காது. மற்றோர் அடுக்கிலிருந்து கழற்றிய பழந்தட்டை அப்படியே செருகலாகாது. அதிலுள்ள பழைய அமைப்புக் குறிப்பு வழங்கியைக் குழப்பும். இன்னுமொன்று. வீட்டுக்கூரையில் ஓட்டின்மேல் ஓடு சற்றே படிந்திருப்பது போல, எழுதும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு செய்யப்பெற்ற தட்டுகள் உண்டு. இடம் மிச்சப்படும், ஆனால் ஒரு தடத்தை மாற்ற அதனையடுத்த தடங்களையும் மாற்றி எழுத வேண்டும். ஓரோட்டை மாற்ற வரிசையையே கலைப்பது போல. இத்தகைய தட்டுகள் அடுக்குக்கென விற்கப்பட்டவற்றுள்ளும் சொல்லாமலே கலந்திருந்தமை 2020-இல் வெளியாகிப் பெரும் பூசலாயிற்று. மலிவென்று வாங்கி மாட்டினால், மீட்டெழுதும் வேலை நாட்கணக்கில் இழுக்கும். இடையிலேயே அடுக்கு அதனைப் புறந்தள்ளிவிடவும் கூடும்.

மீட்டெழுதல் என்பதுதான் இவ்வேலையின் நெஞ்சு. புதுத்தட்டைச் செருகியவுடன் பச்சை விளக்கு எரிந்துவிடுவதில்லை. மற்றைத் தட்டுகள் அனைத்தையும் முதலிலிருந்து முடிவு வரை படித்து, கணக்கிட்டு, இறந்ததன் செய்தியைப் புதியதில் முழுமையாக எழுத வேண்டும். 16 டெராபைட்டுத் தட்டொன்றை நொடிக்கு 200 மெகாபைட்டு வீதம் நிறைக்க 80,000 நொடி ஆகும். அதாவது ஏறத்தாழ 22 மணி. அலுவலக வேலையும் உடன் நடந்தால் இரண்டு மூன்று நாளும் ஆகும். அதுவரை அடுக்கு மூன்று காலில்தான் நிற்கின்றது. அதிலும் கொடிது, எஞ்சிய தட்டுகள் வாழ்நாளில் என்றும் காணாத உழைப்பை அந்நாளில்தான் காண்கின்றன. அவை இறந்த தட்டோடு ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வாங்கியவை. ஒரே வெப்பத்தில் ஒரே அளவு ஓடியவை. ஒன்றன் முதுமை மற்றவற்றுக்கும் உண்டு. எளிய தட்டுகளில் ஒரு கோடி கோடி குறிகளைப் படித்தால் ஒன்று படிக்க இயலாது போகலாம் என்று உருவாக்குவோரே வரம்பு எழுதித் தருகின்றனர். அஃது ஏறத்தாழ 12 1/2 டெராபைட்டு. பெரும்பாலான தட்டுகள் அவ்வரம்பினும் நன்றாகவே நடப்பன எனினும், பெருந்தட்டுகளின் அடுக்கில் ஐந்தாம் வகையை விட்டு ஆறாம் வகைக்கு அறிந்தோர் மாறியமைக்குக் கரணியம் இதுவே.

இவ்வளவையும் செவ்வனே செய்து முடித்து, பச்சை விளக்கும் எரிந்துவிட்டது என்று கொள்வோம். செய்தி காப்புற்றதா? இல்லை. இங்குதான் பெரும்பிழை நிகழ்கின்றது. தட்டடுக்கு என்பது காப்புப்படி அன்று. எழுத்தர் ஒருவர் தவறி ஒரு கோப்பை அழித்தால், அடுக்கு அவ்வழிப்பை எல்லாத் தட்டிலும் உண்மையாக நிறைவேற்றும். திருடர் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டால், அப்பூட்டையும் ஒன்றுவிடாமல் எழுதும். தீப்பற்றினால் நான்கு தட்டும் ஒருங்கே வேகும். அடுக்கு காப்பது ஒரு தட்டின் சாவினின்று மட்டுமே.

தமிழர்க்கு இது புதுப்பாடம் அன்று, மறந்த பாடம். பனையோலை இந்நாட்டு வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் செல்லுக்கும் ஈடுகொடுத்துச் சில நூற்றாண்டே நிற்கும். ஆகவே சிதையத் தொடங்கும் ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினர். எழுதியதைப் பழையதோடு ஒப்பிட்டனர். அதன்பின் பழைய ஏட்டை ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விட்டனர். காலப்போக்கில் பெயர்த்தெழுதும் வழக்கம் மறைந்தது. ஆற்றில் விடும் வழக்கம் மட்டும் நின்றது. உ. வே. சாமிநாதையர் சுவடி தேடி ஊரூராய் அலைந்த நாளில் இவ்வாறு ஆற்றோடு போன ஏடுகளைக் கேட்டு நொந்தார். இறந்த தட்டைக் கழற்றிவிட்டுப் புதுத்தட்டை மாட்டாமற் செல்வதற்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறில்லை.

அவர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தது ஒரே சுவடியைக் கொண்டன்று. பல ஊர்ச் சுவடிகளைத் திரட்டி, ஒன்றில் செல்லரித்த சொல்லை மற்றொன்றில் கண்டு நிரப்பினார். ஈட்டுக்குறியின் வேலையை ஒரு மனிதர் கண்ணாலும் நினைவாலும் செய்தார் என்க. எனினும் 267, 268-ஆம் பாட்டுகள் எந்தச் சுவடியிலும் கிடைக்கவில்லை, இன்றளவும் இல்லை. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் அவ்வாறே. எல்லாப் படியிலும் ஒன்றே அழிந்துவிட்டால் எவ்வளவு பேரறிவாலும் அதனைத் திரும்பக் கணக்கிட இயலாது.

கம்பம் பள்ளத்தாக்கின் சொந்தச் சான்றும் ஒன்று உண்டு. சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள், மதுரையில் சங்கம் வைத்ததையும் பாரதத்தைத் தமிழாக்கியதையும் கூறுவன. பத்தாம் நூற்றாண்டுப் பாண்டியன் இராசசிம்மனின் பெரிய செப்பேடு ஒன்றே கிடைத்திருந்தால் பாண்டியர் கொடிவழி முழுமையாகத் தெரிந்திராது. எட்டாம் நூற்றாண்டு நெடுஞ்சடையனின் வேள்விக்குடிச் செப்பேட்டையும் அதனோடு வைத்து நோக்கியே, முன்னவர் பெயரை ஒன்றிலிருந்தும் பின்னவர் பெயரை மற்றொன்றிலிருந்தும் ஆய்வாளர் கோத்தனர். இரண்டும் வெவ்வேறு கொடைக்கு, வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கையில் இருந்தவை. ஒரே பேழையில் இருந்து ஒரே தீயில் உருகியிருந்தால் இரண்டும் இருந்தும் பயனில்லை.

ஒரே பேழையில் வைத்ததன் விளைவை அண்மையில் உலகம் கண்டது. தென்கொரியாவின் தேசோன் நகரில் உள்ள அரசுத் தகவல் நடுவத்தில் 2025 செப்தம்பர் 26 அன்று மின்கலங்களை இடம்மாற்றும்போது தீப்பிடித்தது. அறுநூற்றுக்கு மேற்பட்ட அரசுப் பணித்தளங்கள் நின்றன. பல பின்னர் உயிர்பெற்றன. ஆனால் அரசு அலுவலர்கள் தங்கள் கோப்புகளை வைத்திருந்த 858 டெராபைட்டுச் சேமிப்பு வெந்துபோயிற்று. அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வேறிடத்துப் படி வைக்கவில்லை என்று அந்நாட்டு அரசே கூறியது. கணிப்பொறித் துறையில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாடு அது! கோப்புகளைத் தனிப் பொறியில் வையாமல் அதிலேயே வைக்குமாறு பணித்திருந்த துறைக்கு இழப்பு மிகுதி. கட்டளைப்படி நடந்தவர்க்கே கேடு மிகுந்தது என்பது எண்ணத்தக்கது.

யாழ்ப்பாண நூலகத்தை நினையாத தமிழர் இரார். 1981 மே இறுதி நாளின் இரவில் அங்கு எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். அதற்குத் தீ வைத்தோர் குற்றம் தீ வைத்தோருடையதே. அதில் இரண்டாம் கருத்தில்லை. ஆனால் எரிந்தவற்றுள் அச்சாகிப் பரவிய நூல்களை மீண்டும் வாங்கி வைக்க முடிந்தது. ஒற்றைப் படியாக அங்கு மட்டும் இருந்த சுவடிகளை வாங்க எந்தக் கடையும் இல்லை.

தேனி, கம்பம், போடி, ஆண்டிபட்டி, உத்தமபாளையம் முதலிய ஊர்களின் அலுவலகங்களும் கூட்டுறவு வங்கிகளும் பள்ளிகளும் இதற்குப் பெரும்பொருள் செலவிட வேண்டுவதில்லை. புதுத்தட்டு ஒன்றை இறப்புக்கு முன்னரே வாங்கி அலமாரியில் வைத்திருக்கலாம். சென்னையிலிருந்து வரும்வரை மூன்று காலில் நிற்க நேராது. அடுக்கிலேயே காத்திருக்கும் மாற்றுத் தட்டாக அதனைச் செருகி வைப்பின், ஒன்று இறந்தவுடன் வழங்கி தானே மீட்டெழுதத் தொடங்கும். செய்திகளின் ஒரு படி அவ்வலுவலகத்திலும், ஒரு படி அதே ஊரின் வேறு கட்டடத்திலும், ஒரு படி மலையும் ஆறும் கடந்த வேறூரிலும் இருத்தல் நன்று. திங்கள்தோறும் ஒரு நாள் அப்படியிலிருந்து நாலைந்து கோப்புகளைத் திறந்து படித்துப் பார்த்தல் வேண்டும். திறந்து பாராத காப்புப்படி, கட்டவிழ்க்காத சுவடி. உள்ளே ஏடு உண்டா செல் உண்டா என்பது அவிழ்த்த பின்னரே தெரியும்.

பெயர்குறித்து ஒருவரை இதற்குப் பொறுப்பாக்குதல் எல்லாவற்றினும் இன்றியமையாதது. எல்லார் பொறுப்பும் எவர் பொறுப்பும் அன்று என்பது அலுவலக வழக்கம் அறிந்தார் அறிவர். விலைக்கேட்புத் தாள், ஒப்பம், மேலிடத்து இசைவு என்று ஒரு தட்டுக்கு மூன்று திங்கள் அலைக்கழிக்கும் முறைமையும் மாறல் வேண்டும். தட்டின் விலைக்கும் அதில் உள்ளதன் விலைக்கும் தொடர்பே இல்லை.

மொழியும் இங்குக் குறுக்கே நிற்கின்றது. திரையில் தோன்றும் ‘டிகிரேடடு’ என்னும் சொல் வாயிற்காவலர்க்கும் கூட்டுபவர்க்கும் வெறும் ஓசை; பல எழுத்தர்க்கும் அதுவே. படிப்பில் அச்சொல்லுக்குத் ‘தரங்குறைந்த’ என்று பொருள் கற்றவன், ஏதோ படத்தின் தெளிவு குறைந்ததென்று கருதினாலும் வியப்பில்லை. ‘ஒரு தட்டு இறந்தது; மற்றொன்று இறந்தால் எல்லாம் அழியும்’ என்று அவ்விளக்கினடியில் தமிழில் எழுதி ஒட்டியிருந்தால், மாசியில் கூட்டுபவரே ஓடிப்போய்ச் சொல்லியிருப்பார். அறிவியலைத் தமிழிற் சொன்னால் தரம் குறையும் என்போர், சொல்லாமையால் குறைந்தவற்றைக் கணக்கெடுத்ததுண்டா?

கழற்றிய பழந்தட்டைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடும் வழக்கமும் தீது. நின்றுபோன தட்டிலும் செய்தி சாவதில்லை; கருவியுடையார் அதனைப் படித்தெடுக்க இயலும். அதில் கடன் வாங்கியோர் பெயரும் நோயுற்றோர் குறிப்பும் இருக்கும். உறுதிக்காலம் முடியாத தட்டாயின் விற்றவர்க்குத் திருப்புமுன் அதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முடிந்ததாயின் தகட்டைத் துளையிட்டு உடைத்துவிடல் வேண்டும். ஆனால் அதுவும் மீட்டெழுதல் முற்றி, புதுத்தட்டில் எழுதியதைச் சரிபார்த்த பின்னரே. அதுவரை பழந்தட்டைத் தொடரெண்ணோடு உறையிலிட்டு அலமாரியில் வைக்க. மாற்றிய நாள், மாற்றியவர் பெயர், புதுத்தட்டின் தொடரெண் ஆகியவற்றை வழங்கியின் முகப்பிலுள்ள தாளில் எழுதுக, மையால் எழுதுக.